ஒரு கரண்டி அழுக்கு

ரிகே பாய்க்லேவின் வீட்டுச் சுவரில் அழுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஒட்டியிருந்தது என்றால் அது வேறு விஷயம். அழுக்கு எங்கும் ஒட்டும், ரிகே வீட்டில் தவிர. புகென்ஷ்டெட்டன் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். ஆறு வயதில், கூட்டுக்குள் போகும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காலைத் துடைத்து அனுப்பியவள் அவள். பிறகு எர்வினைக் கல்யாணம் செய்துகொண்டாள். எர்வினுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. சாயங்காலம் தலைமுதல் கால்வரை வெள்ளையாக வருவான். விறகுக் கொட்டகையில் துணியை உரித்துப் போட்டு, அங்கேயே தொட்டியில் குளித்து, மனித நிறத்துக்குத் திரும்பிய பிறகுதான் வீட்டுக்குள் நுழையலாம். பனி பெய்தாலும் அதே சட்டம். கல்யாணமான புதிதில் ஒருநாள் பசி தாங்காமல் நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டான். ரிகே அவனை ஏற இறங்கப் பார்த்து, "யார் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாளாம். முப்பத்தோரு வருஷம் அவன் மறுபடி அப்படி வரவில்லை. அவன் இறந்த பிறகு வீட்டில் துடைக்கத் தூசி குறைந்து போயிற்று. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மாடியில் கோட்லோப் நேகெலே என்று ஒருவர் குடியிருந்தார். கடிகாரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வாசல், படிக்கட்டு, தெருவோரம் இவற்றை இருவரும் வாரம் மாற்றி வாரம் பெருக்க வேண்டும். யாருடைய வாரமோ அவர் கதவில் 'பெருக்கும் வாரம்' என்று எழுதிய மரப்பலகை தொங்கும். கோட்லோப் தன் முறையில் ஒழுங்காகத்தான் பெருக்குவார். அவர் உள்ளே போனதும் ரிகே வெளியே வந்து இன்னொரு தடவை பெருக்குவாள். அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

வீட்டின் பின்சுவர் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அதற்குப் பின்னால் பத்தடியில் பீச் என்னும் காட்டு மரங்களின் காடு தொடங்கிவிடும். பின்சுவரைக் கழுவச் சொல்லி எந்தப் பலகையும் சொல்லவில்லை. ரிகே தானாகவே கழுவுவாள். மே மாதத்தில் ஒருநாள், விடிய விடிய மழை பெய்து ஓய்ந்த காலையில், அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் பொட்டுப் பொட்டாக அழுக்கைக் கண்டாள். ஒவ்வொன்றும் கோதுமை மணி அளவு. ஈர மண் நிறம்.

"நேகெலே ஐயா! கொஞ்சம் கீழ எறங்கி வாங்க."

"என்னம்மா, காலங்காத்தால?"

"ஜன்னல்லேருந்து என்னத்த ஒதறுனீங்க?"

"ஒண்ணும் ஒதறலியே. தலகாணி ஒதறுனேன், அதுவும் முன்பக்கம்."

"அப்ப இது என்ன?"

கோட்லோப் குனிந்து பார்த்தார். "மேலேருந்து கொட்டுனா கீழ தரையிலதானம்மா கெடக்கும்? இது செவுத்துல நிக்குதே."

"துப்பியிருக்கலாம்."

"மாடியிலேருந்து துப்பி, அது கீழ வரைக்கும் போயி, திரும்பிப் பக்கவாட்டுல வந்து ஒட்டணும். அவ்வளவு தெறம இருந்தா நான் எதுக்கும்மா ஆயுசு பூரா கடியாரம் ரிப்பேர் பண்ணேன்? சர்க்கஸுக்குப் போயிருக்க மாட்டேன்?"

இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் ரிகேவுக்குக் கிடைக்கவில்லை. பக்கெட்டும் பிரஷும் எடுத்துவரப் போனவளை வாசலில் எதிர்வீட்டு பவுலீனே பிடித்துக்கொண்டாள். பேச்சு மதியம் வரை நீண்டது. அதற்குள் மறுபடி தூறல் போட்டிருந்தது. ரிகே பின்பக்கம் வந்து பார்த்தபோது, காலையில் முழங்காலில் இருந்த அழுக்கு இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது.

தன் கண்ணில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். கொட்டகையிலிருந்து சாக்பீஸ் எடுத்து வந்து, ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் வட்டம் போட்டாள். மொத்தம் இருபத்து மூன்று வட்டம். அன்று ராத்திரி மழை. காலையில் இருபத்து மூன்று வட்டங்களும் பாதி கரைந்து காலியாக இருந்தன. அழுக்கு எல்லாம் அவற்றுக்கு மேலே இருந்தது.

ரிகே பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அந்தம்மா பகலில் உட்கார்ந்து தான் பார்த்தது அன்றுதான் என்று கோட்லோப் பின்னாளில் ஊரெல்லாம் சொன்னார்.

"நேகெலே ஐயா," அவள் குரல் இறங்கியிருந்தது. "அந்தக் கடியாரக் கண்ணாடிய எடுத்துட்டு வர்றீங்களா?"

அவர் கறுப்புக் குழல் வைத்த பூதக்கண்ணாடியை வலது கண்ணில் செருகிக்கொண்டு சுவரோடு முகத்தை ஒட்டினார். வெகுநேரம் அசையவில்லை.

"அம்மா."

"என்ன?"

"அழுக்குக்குக் கொம்பு இருக்கும்மா."

"என்னது?"

"நாலு கொம்பு. மேல ரெண்டு நீளம், கீழ ரெண்டு குட்ட. நீளக் கொம்பு நுனியில கண்ணு இருக்கு." கண்ணாடியை இன்னும் அழுத்திச் செருகினார். "அது என்னையே பாக்குது."

"குடுங்க இங்க."

கண்ணாடிக்குள் ரிகே பார்த்தது ஒரு நத்தை. முட்டைக்கோஸ் தோட்டத்தில் காண்கிற தடித்த நத்தை இல்லை. மெல்லிய, கூம்பிய சின்னக் கோபுரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நத்தை. கோபுரம் முழுக்க யாரோ கரண்டியால் சேறு பூசி விட்டதுபோல அப்பிக் கிடந்தது. கொம்பும் முகமும் மட்டும் சுத்தமாக இருந்தன. அது ஒரு கொம்பை உள்ளே இழுத்தது, வெளியே விட்டது.

வேறு யாராவது இருந்தால் அதிசயப்பட்டிருப்பார்கள். ரிகேவின் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஐயோ பாவமே! எத்தன நாளா குளிக்கல இது!"

"நத்த குளிக்குமா?" என்றார் கோட்லோப்.

"யாரு குளிப்பாட்டுனாங்க, குளிக்கிறதுக்கு?"

அன்று மத்தியானமே இருபத்து மூன்றையும் எடுத்து எனாமல் கிண்ணத்தில் போட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகள் பல் தேய்க்கிற மெத்தென்ற பிரஷ், ஒரு வெள்ளைத் துண்டு. சோப்பை எடுத்தபோது கோட்லோப் கையைப் பிடித்துத் தடுத்தார். ஒவ்வொன்றையும் இரண்டு விரலில் பிடித்து, சுழல் சுழலாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சேறு கரைந்து, உள்ளே இருந்து பளபளவென்று ஓடு வந்தது. தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கிற உடம்பு நிழலாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் ரிகே. "நல்ல எடத்துப் பிள்ளைங்க. பாத்துக்க ஆள் இல்லாம இப்படிக் கெடந்திருக்கு."

துடைத்து, வரிசையாகத் திரும்பச் சுவரில் விட்டாள். சாயங்கால வெயிலில் இருபத்து மூன்றும் மின்னின. கோட்லோப்புக்கும் அழகாகத்தான் பட்டது, அதை மறுக்க முடியாது. அன்று ராத்திரி பயறும், ஷ்பேட்ஸ்லே என்கிற முட்டை நூடுல்ஸும் செய்து அவருக்கும் ஒரு தட்டு மாடிக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலையில் சமையலறை ஜன்னலோரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, சுவரில் பட்டாணிக் குருவி ஒன்று தொற்றி நிற்பதைப் பார்த்தாள். அவள் வைத்த கூட்டுப் பெட்டியில் அவள் செலவில் குடியிருக்கும் குருவி. அது தலையைச் சாய்த்தது. டொக். தேன் நிறத்தில் ஒன்று காணாமல் போயிற்று. பறந்து போனது. ஜோடி வந்தது. டொக்.

ரிகே கத்தியை அப்படியே போட்டுவிட்டு, ஈரத் துண்டைச் சுழற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். "போ! போ! ஒனக்கு வெக்கமா இல்ல? பன்னி இறைச்சிக் கொழுப்பு உருண்ட கட்டித் தொங்க விட்டேனே குளிர்காலம் பூரா, நன்றி இருக்கா?" குருவிகள் கூரைமேல் உட்கார்ந்து அவள் போவதற்காகக் காத்திருந்தன. சுவரை எண்ணினாள். ஏழுதான் மிச்சம். அவள் எழுந்திருப்பதற்கு முன்பே பந்தி தொடங்கியிருக்கிறது.

சத்தம் கேட்டு வந்த கோட்லோப், வேலியோரத்து பீச் மரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அம்மா, இந்த மரத்துலயும் இருக்கு. பதினொண்ணு. நீங்க பாக்காததால குளிக்காம தப்பிச்சிருக்கு." பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். "இதுல ஒண்ணு கூடப் போகல. குருவி இதுமேலயே நடந்து போச்சு, நான் பாத்தேன். மொட்டுன்னு நெனச்சிருக்கு."

ரிகே ஈரத் துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

அன்றே கோட்லோப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய் ஒரு தடித்த புத்தகம் வாங்கி வந்தார். சமையலறை மேஜையில், ரிகே விரித்துக் கொடுத்த செய்தித்தாளின் மேல் வைத்துத் திறந்தார்.

"இந்தா இருக்கு படம். பேரு, குட்டிப் பெருந்தீனி நத்தை."

"குட்டியா, பெருசா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க."

"தீனிதான் பெருசு. நத்த குட்டி."

"அப்படி என்னத்தத் திங்குது?"

"செவுத்துப் பாசி, மரத்துப் பூஞ்ச, மக்குன எல."

"இதுக்குப் பேரு பெருந்தீனியா? எங்க வீட்டுக்காரரு ஒரு வேளைக்கித் தின்னத இந்தப் புத்தகக்காரன் பாத்ததில்ல. சரி, ஆணா பொண்ணா?"

"ஒவ்வொண்ணும் ரெண்டும்தானாம்."

"பெருக்குற வாரத்துக்குச் சண்ட வராது," என்றாள் ரிகே. "இன்னும் என்ன போட்டிருக்கு?"

கோட்லோப் தொண்டையைக் கனைத்தார். "லத்தீன் பேரு ஒண்ணு இருக்கு. அது வேணாம்மா."

"சொல்லுங்க."

"அதுக்கு அர்த்தம்... பீ சுமக்கிறது."

"யாரச் சொல்றான்?" என்றாள் ரிகே.

"நத்தையத்தாம்மா. சின்ன வயசுல இதுங்க மண்ணையும், கூடத் தன்னோட அதையும் கொழச்சு முதுகுல அப்பிக்குமாம். குருவி கண்ணுல படாம இருக்க. வளந்து பெருசானப்புறம் அவ்வளவா பூசிக்காதாம்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் போலருக்கு."

ரிகே இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அது அழுக்கில்ல. சட்ட. பச்சப் பிள்ளைங்க போட்டிருந்த சட்டைய நான் கழட்டி, கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தியிருக்கேன்."

"மழ பேஞ்சா திரும்பப் பூசிக்கும்மா. கவலப்படாதீங்க."

அந்த நேரம் பார்த்து ரேடியோ, பத்து நாளைக்கு மழை இல்லை என்றது. ஈரம் இல்லாவிட்டால் நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சுவரில் தூங்கும். பூச்சு வேலை நடக்காது. குருவி தூங்காது. வேண்டுமானால் அந்த ஏழையும் சமையலறையில் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாமே என்றார் கோட்லோப்.

"பீ சுமக்கிறவங்களயா? என் சமையலறையிலயா?" என்றாள் ரிகே. பாவம் பார்ப்பதற்கும் ஓர் எல்லை இருந்தது. ஏழையும் சுவரடியில் கவிழ்த்த வடிகட்டிக்குள் மூடி வைத்து, குருவி அதைத் தள்ளிவிடாதபடி பக்கத்தில் முக்காலி போட்டு இரண்டு நாள் காவல் இருந்தாள். சூப்பு கூட அங்கேயே குடித்தாள். சனிக்கிழமை காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் முடிவுக்கு வந்தாள்: கழற்றிய சட்டையைத் தானே போட்டுவிட வேண்டும்.

தோட்டத்து மண்ணைக் குழைத்துப் பூசிப் பார்த்தாள். காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. மைதா கலந்தாள், அது வெள்ளையாகத் தெரிந்தது. கோட்லோப் கண்ணாடி வழியே ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னார்: "இதுக்கு நைஸான, பழைய அழுக்கு வேணும்மா. நூலாம்படையோட சேந்தது. வீட்டு மூலையில, அலமாரிக்குப் பின்னாடியெல்லாம் இருக்குமே, அது."

ரிகே வீட்டுக்குள் போனாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். அலமாரியை நகர்த்தினாள். பரணில் ஏறினாள். நிலவறையில் விளக்குப் பிடித்துத் தவழ்ந்தாள். அரை மணி கழித்து வெறுங்கையோடு வந்து நின்றாள். வாழ்நாளில் முதல் முறையாகத் தன் வீட்டைப் பற்றி அவளுக்குக் குறையாக இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தத் தெருவில் எல்லோரும் துடைப்பத்தோடு வெளியே நிற்பார்கள். அந்த நேரத்தில் ரிகே ஒரு காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து, பள்ளிக்கூடத் தோழி பவுலீனேவின் முன்னால் போய் நின்றாள்.

"பவுலீனே, ஒரு கரண்டி அழுக்கு இருக்குமாடி?"

பவுலீனேவின் துடைப்பம் நின்றது. பக்கத்து வீட்டுத் துடைப்பமும் நின்றது. அப்படியே தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக நின்றன.

"என்ன கேட்ட?"

"அழுக்கு. பழசா இருந்தா நல்லது."

"என் வீட்டுலயா?"

"ஒன் வீட்டுல இல்லாம?"

"ஏண்டி ரிகே, நாப்பது வருஷமா எதுத்தாப்புல இருந்துகிட்டு மனசுல இதத்தான் வெச்சிருந்தியா? இன்னிக்குத்தான் வாய் தொறந்துச்சா?"

"கோவிச்சுக்காதடி. என் வீட்டுல இருந்தா ஒன்கிட்ட வருவேனா?"

"கேட்டீங்களா எல்லாரும்? அவ வீட்டுல இல்லையாம்! என் வீட்டுல மூட்ட கட்டி வெச்சிருக்கேனாம்!"

"ஒரு கரண்டி போதும்டி. நத்தைக்குப் பூசணும்."

"நத்தைக்கு எதுக்கு?"

"நான் குளிப்பாட்டிட்டேன்."

பவுலீனே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ரிகேவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்ல. டாக்டரக் கூப்பிடவா?"

"பதினாறு பேரு போயிட்டாங்கடி," என்றாள் ரிகே. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "நான் பாட்டுக்கு நல்லது பண்றதா நெனச்சேன். என் கையாலதான் போச்சு."

எர்வின் அடக்கத்தின்போது கூட, சேறு படாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக நின்றவள் ரிகே. அவள் தெருவில் நின்று கண்ணைத் துடைப்பதைப் பவுலீனே பார்த்ததில்லை. கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஏதோ கனமான சாமானை நகர்த்துகிற சத்தம் கேட்டது. தும்மல் கேட்டது. திரும்பி வந்தபோது கோப்பையின்மேல் சாஸரைக் கவிழ்த்து மூடியிருந்தாள்.

"ரொட்டி அலமாரிக்குப் பின்னாடி இருந்தது," என்றாள் தெருவுக்கே கேட்கும்படி. "என்னோடது இல்ல. என் மாமியாரோடது. நான் வர்றப்பவே இருந்துச்சு."

அழுக்கு அருமையான அழுக்கு. நைஸாக, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், நூலாம்படை இழையோடு. ரிகே தண்ணீர் விட்டுக் குழைத்தாள். ஈஸ்டர் முட்டைக்கு வண்ணம் தீட்டும் மெல்லிய பிரஷ் வைத்திருந்தாள். கோட்லோப் கடிகாரத் திருகாணி எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொரு நத்தையாகப் பிடிக்க, அவள் சுழல் சுழலாகப் பூசினாள். தெருவே துடைப்பத்தோடு பின்பக்கம் வந்து அரைவட்டமாக நின்றுவிட்டது. ரிகே பாய்க்லே ஒன்றை அழுக்காக்குவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"எடது பக்கம் இன்னும் கொஞ்சம்," என்றார் ஒருவர்.

"அவ்வளவு வழிச்சுவிடாதடி, இயற்கையா தெரியணும்," என்றாள் பவுலீனே. "திட்டுத் திட்டா வை. ஓரம் நேரா வராத மாதிரி."

"எனக்கு நேராத்தான் வரும்," என்றாள் ரிகே பிரஷை எடுக்காமல்.

"அப்ப என்கிட்ட குடு."

"ஆமா, ஒனக்குப் பழக்கம்."

பவுலீனே முறைத்தாள். ஆனாலும் கடைசி மூன்றை அவள்தான் பூசினாள், நன்றாகவும் பூசினாள். ஏழையும் சுவரில் ஒட்டிவிட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். இனி வடிகட்டி கிடையாது. காத்திருந்தார்கள்.

பட்டாணிக் குருவி வந்தது. பதினேழு பேர் துடைப்பத்தோடு சிலையாக நின்றார்கள். குருவி சுவரில் தொற்றியது. தலையை இப்படிச் சாய்த்தது, அப்படிச் சாய்த்தது. முதல் நத்தையின் மேல் ஒரு காலை வைத்தது. ரிகே பவுலீனேவின் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். குருவி நத்தையைத் தாண்டி, கல் இடுக்கிலிருந்து ஒரு சிலந்தியைப் பிடுங்கிக்கொண்டு பறந்து போனது.

தெருவே கைதட்டியது. கோட்லோப் தொப்பியைக் கழற்றினார். அன்று அந்தத் தெரு பாதிதான் பெருக்கப்பட்டது. நடந்தது நடந்தபடி ஊர்க் குறிப்பேட்டில் ஏறியிருந்தால் பெரிய அவமானமாகியிருக்கும். ரிகே தன் கை மணிக்கட்டு வரை சேறாக இருந்ததைக் காப்பிக்கு உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள். கழுவினாள், ஆனால் அவசரப்படவில்லை.

பதினோராம் நாள் மழை பெய்தது. நத்தைகள் விழித்துக்கொண்டு, அவள் பூசியதன் மேலேயே தங்கள் பூச்சைத் தொடங்கின. இரண்டு நாளில் அவளுடைய நேரான ஓரங்கள் எதுவும் மிச்சமில்லை. "என்னவிட நல்லாவே பூசுதுங்க," என்று ஒத்துக்கொண்டாள், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

ஒன்றை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. ஜூன் மாதத்தில் நகரத்து மியூசியத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். தன் சுவரில் வசிக்கும் நத்தைகள் மரியாதையானவை என்றும், நல்ல காரணத்துக்காகவே அப்படிச் செய்கின்றன என்றும், ஆகவே பீ சுமப்பது என்ற பெயரை நீக்கி 'தேன் நிற நத்தை' என்றோ வேறு கண்ணியமான பெயரோ வைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். ஆறு வாரம் கழித்து பதில் வந்தது. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விதி, மாற்ற முடியாது, வருந்துகிறோம். கீழே கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: தயவுசெய்து இனிமேல் கழுவ வேண்டாம்.

பவுலீனே அந்தக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். "பெரிய படிப்புப் படிச்சவனுங்க. இவனுங்ககிட்டப் போயி கேட்டியே," என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "பேருதான? நாம வெச்சுக்குவோம்."

அந்தப் பெயர் எப்படி முடிவானது என்று யாருக்கும் நிச்சயமில்லை. கோடை முடிவதற்குள் புகென்ஷ்டெட்டனில் அந்த நத்தைக்கு ரிகே என்றே பெயராகிவிட்டது. மழை விட்டதும் கல்லறைச் சுவரிலும் ஆலயத்துச் சுவரிலும், "அந்தா, ஒரு ரிகே ஏறுது!" என்று பிள்ளைகள் கத்தும்.

"மரியாத இல்லாத பசங்க," என்பாள் அவள். ஈரக் கையை சமையல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டே, எங்கே என்று பார்க்கப் புறப்படுவாள்.